எழுதிய படமும் எடுத்த படமும்

குறும்படம் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். பெரும்பாலான கடிதங்களில் ஒரே மனக்குறைதான்: எழுதியது ஒன்று, திரையில் வந்தது வேறொன்று. அப்படி மாறாத படம் கிடையாது. தாளில் மாற்றினால் ஒரு பேனையோடு முடிந்துவிடும். படப்பிடிப்பில் மாற்றினால் ஒரு நாள் கூலி போகும். படத்தொகுப்பில் மாற்றுவதென்றால், எடுத்து வைத்திருப்பது மட்டுமே கைகொடுக்கும். எங்கள் பதில்களைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் திரைக்கதை 12 பக்கம். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போட்டோம். முதல் தொகுப்பு 21 நிமிடம் வந்துவிட்டது. விழாவுக்கு 15 நிமிடத்துக்குள் வேண்டுமாம். எங்கே பிழை?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

கணக்கில்தான் பிழை. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது ஆங்கிலத் திரைக்கதைக்கு உரிய அளவு. கூரியர் எழுத்துரு, 12 புள்ளி, வசனத்துக்கு நடுவில் ஒடுங்கிய பத்தி என்று எல்லாம் ஒரே அமைப்பில் இருந்தால்தான் அங்கேயும் ஓரளவு பொருந்தும். கொப்பியில் எழுதிய பக்கத்துக்கும், வேர்டில் நெருக்கி அடித்த தமிழ்ப் பக்கத்துக்கும் அந்தக் கணக்கு சரிவராது.

இன்னொன்று, செயலுக்குத் தாளில் இடம் குறைவு, திரையில் நேரம் அதிகம். 'தோணி கரைக்கு வருகிறது, அவன் இறங்கி வீட்டுப் பக்கம் நடக்கிறான்' என்பது ஒரு வரிதான். எடுத்துப் பாருங்கள்: தோணி கண்ணில் பட 6 விநாடி, கரை தட்ட 8, இறங்க 5, கயிற்றைக் கட்ட 10, நடக்க 12. மொத்தம் 41 விநாடி. அதேவேளை, இரண்டு பேர் சூடாக வாக்குவாதப்படும் ஒரு முழுப் பக்கம் 35 விநாடியில் முடிந்துவிடும்.

ஆகவே அடுத்த முறை போனில் ஸ்டொப்வாட்சைப் போட்டுவிட்டு ஒவ்வொரு காட்சியையும் கதைக்கும் வேகத்தில் வாசியுங்கள். வசனமில்லாத இடங்களில் அந்தச் செயலைச் செய்தே பாருங்கள். விநாடிகளை ஓரத்தில் எழுதிக் கூட்டி, மேலும் ஐந்தில் ஒரு பங்கைச் சேருங்கள். முதல் தொகுப்பு அந்த அளவை ஒட்டி வரும்.

இப்போது கையிலுள்ள 21 நிமிடத்தைக் குறைக்க வேண்டும். முதலில் காட்சிகளின் தலையையும் வாலையும் பாருங்கள். படலை திறப்பது, 'வாங்க, இருங்க', தேத்தண்ணி கொடுப்பது, விடைபெறுவது எல்லாம் போகலாம். அதிலேயே 2, 3 நிமிடம் கழியும். பிறகு வசனம். மகன் கட்டாருக்குப் போகும் முடிவைத் தாயிடம் சொல்லும் காட்சி இப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வையுங்கள்:

'அம்மா, ஏஜென்சிக்குக் காசு கட்டிட்டன்.'
'எவ்வளவு கட்டின? ஆருக்கிட்ட வாங்கின?'
'மாமாக்கிட்ட. வாற மாசம் பத்தாம் திகதி பிளைட்.'
'நீயும் போனா இந்த வீட்டில நான் தனியத்தான் மனே.'

திரையில் இதற்கு வேண்டியது: தாய் தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் கடவுச்சீட்டை வைக்கிறான். திருவும் கை நிற்கிறது. 'எப்ப?' 'பத்தாம் திகதி.' கை மறுபடியும் திருவத் தொடங்குகிறது. தனியாகிவிடுவாள் என்று அவளே சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது.

ஆனால் வெட்டுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். பின்னால் ஒரு காட்சியில் மாமா வந்து காசைக் கேட்கிறார் என்றால், 'மாமாக்கிட்ட' என்ற சொல்லை எடுத்துவிட்டு அங்கே யார் இந்த ஆள் என்று பார்ப்பவரை முழிக்க வைக்கக் கூடாது. அந்தத் தகவலை மாமாவின் வாயிலேயே கொடுத்துவிடலாம். திருவும் கையைக் கிட்டவாக எடுத்து வைத்திருந்தால்தான் இந்த வெட்டே நடக்கும் என்பதும் உண்மை. இருவரையும் ஒன்றாகக் காட்டும் ஒரே ஒரு அகலமான ஷொட் மட்டும் இருந்தால் நான்கு வரியையும் வைத்திருக்கத்தான் வேண்டும். எனவே எந்தக் காட்சியானாலும் முழு ஷொட், ஒவ்வொரு முகம், கையோ பொருளோ ஒன்று என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

நாயகி கடற்கரையில் தனியாக இருக்க, சூரியன் கடலில் மறைவதாக முடிவுக் காட்சியை எழுதியிருக்கிறேன். மாற்றத்தான் வேண்டும் என்கிறார் இயக்குநர்.
– வாசகி, திருக்கோவில்

இயக்குநர் சொல்வது சரி. நம் பக்கம் சூரியன் கடலில் எழும்பும். மறைவது வாவிக்கும் வயலுக்கும் அப்பால். கொழும்பிலோ நீர்கொழும்பிலோ எடுத்தால் நீங்கள் எழுதியபடி வரும். இங்கே எடுத்தால், படம் பார்க்கும் உங்கள் ஊர்ச் சனமே முதலில் சிரிக்கும்.

மூன்று வழி இருக்கிறது. காட்சியை விடியலாக்கலாம். இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தவள் கடற்கரைக்கு வந்திருக்கிறாள் என்று ஆனால் கதைக்கு இன்னும் பலம் கூடக்கூடும். அல்லது காட்சியைக் களப்புக் கரைக்கு மாற்றி உண்மையான அந்தியில் எடுக்கலாம். அல்லது விடியலில் எடுத்து அந்தி என்று காட்டலாம். மூன்றாவது எங்களுக்கு அவ்வளவு பிடிக்காது. கடலும் சூரியனும் பிடிகொடுக்காவிட்டாலும் சுற்றுப்புறம் காட்டிக்கொடுத்துவிடும்: மீனோடு கரைக்கு வரும் வள்ளங்கள், கூடையோடு காத்திருக்கும் வியாபாரிகள், யாரும் மிதிக்காத ஈர மணல்.

எதைத் தெரிந்தெடுத்தாலும் நேரம் குறைவு. நமது அகலாங்கில் சூரியன் செங்குத்தாக ஏறி இறங்குவதால் மென்மையான ஒளி அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி நேரம்தான். அதற்குள் 4 ஷொட்டுக்கு மேல் திட்டமிடாதீர்கள். முதல் நாளே அதே இடத்தில் நின்று ஒத்திகை பார்த்து, கமரா நிற்கும் இடத்தில் தடி நட்டுவிட்டு வாருங்கள். விடியலில் இன்னொரு நன்மையும் உண்டு. கடற்காற்று பகல் ஏறத்தான் பலக்கும் என்பதால், காலையில் குரல் சுத்தமாகப் பதிவாகும்.

பருவத்தையும் பாருங்கள். பச்சை வேளாண்மை நடுவே ஒரு காட்சி எழுதியிருந்தால், பெரும்போகத்தில் மார்கழி, தை மாதங்களில் பச்சை இருக்கும். கூடவே மழையும் இருக்கும். மாசி, பங்குனியில் போனால் வெட்டு நடக்கும். கதையில் மாதத்தை மாற்றுவதுதான் சுலபம்.

வசனத்தை நடிகர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி மாற்றுகிறார்கள். விடலாமா? கதை ஒரு முஸ்லிம் குடும்பத்தில் நடக்கிறது.
– வாசகர், நிந்தவூர்

ஒத்திகையில் விடுங்கள், படப்பிடிப்பில் விடாதீர்கள். 'தாயே, தந்தை எங்கே சென்றார்?' என்ற பாணியில் எழுதியதை 'உம்மா, வாப்பா எங்க?' என்று நடிகர் திருத்தினால் அவருக்கு நன்றி சொல்லுங்கள். காக்கா, ராத்தா, மாமி என்று யார் யாரை எப்படிக் கூப்பிடுவார் என்பது எழுதியவரைவிட அந்த ஊர் நடிகருக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம். ஒத்திகையைப் போனில் பதிவுசெய்து, நன்றாக வந்த வரிகளைத் திரும்ப எழுதி, அதையே இறுதிப் பிரதியாகக் கொடுங்கள்.

படப்பிடிப்பில் ஒவ்வொரு டேக்கிலும் வசனம் மாறினால் தொகுப்பாளர் கையைக் கட்டிப்போட்டது போலாகிவிடும். அகல ஷொட்டில் ஒரு சொல், கிட்ட ஷொட்டில் வேறு சொல் என்றால் இரண்டையும் இணைக்க முடியாது. சொல் மட்டுமல்ல, செயலும் அப்படித்தான். எந்தச் சொல்லில் கோப்பையைத் தூக்கினார் என்பதை ஒருவர் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கூத்தாடிப் பழகியவர்கள் நடித்தால் வேறொரு சிக்கல் வரும். வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம். கடைசி ஆளுக்கும் கேட்கும்படி குரலெடுத்துப் பழகியவருக்கு, மைக் ஒரு முழத் தூரத்தில் இருப்பது பழக்கமில்லாத ஒன்று. 'சத்தத்தைக் குறைங்க' என்று சொன்னால் குரல் குறையும், உணர்ச்சியும் சேர்ந்து குறையும். அதைவிட, எதிர் நடிகரை முழங்கால் தட்டும் கிட்டத்தில் உட்கார வைத்து, அவருக்கு மட்டும் கேட்கச் சொல்லுங்கள். குரல் தானாக இறங்கிவிடும்.

வீட்டுக்குள் எடுத்த காட்சிகளில் படம் துடிக்கிறது, கோடு கோடாக ஓடுகிறது. போனில் எடுத்தோம்.
– வாசகர், ஏறாவூர்

ரியூப் லைட்டும் மலிவான எல்ஈடி மின்குமிழும் செய்யும் வேலை. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் இந்த விளக்குகள் விநாடிக்கு 100 தரம் கூடிக் குறையும். போன் தன்பாட்டில் விநாடிக்கு 30 பிரேம் (தனித்தனிப் படம்) என்று எடுக்கும்; ஷட்டர், அதாவது ஒரு பிரேமுக்கு ஒளி விழும் நேரம், 1/60 விநாடியில் நின்றால் ஒவ்வொரு பிரேமிலும் விழும் ஒளி கூடிக் குறையும். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், படம் அசையாது. 1/100உம் சரி. போனின் சொந்தக் கமரா செயலியில் இதை மாற்ற முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கமரா போன்ற இலவசச் செயலியைப் பாவியுங்கள். எடுத்து முடித்ததற்கு டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் கட்டணப் பதிப்பில் துடிப்பைக் குறைக்கும் டிஃபிளிக்கர் உண்டு; ஓரளவுக்குத்தான் சரிவரும்.

மட்டக்களப்பு வாவியின் பாடுமீன் ஓசையோடு படம் தொடங்குவதாக எழுதியிருக்கிறேன். நிலா வெளிச்சத்தில் கல்லடிப் பாலத்தடியில் மைக்கைப் பிடித்தும் ஒன்றும் பதிவாகவில்லை.
– வாசகர், கல்லடி

பதிவாகாது. ஓசை நீருக்குள் இருக்கிறது; நீரின் மேற்பரப்பில் அது பெரும்பாலும் திரும்பிவிடும், காற்றுக்கு வருவது மிகக் குறைவு. அதனால்தான் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்பது வழக்கம். பதிவுக்கு ஹைட்ரோபோன் என்ற நீரடி மைக் வேண்டும். வள்ளத்தின் எஞ்சின் நின்றிருக்க வேண்டும், நீர் அலையில்லாமல் இருக்க வேண்டும். அப்போதும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

உங்கள் படத்துக்கு அது தேவைதானா என்று யோசியுங்கள். கறுப்புத் திரையில் ஒரு முனகல் கேட்டால் அது மீனா, மோட்டாரா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? ஓசையைச் செயலோடு கட்டுங்கள். தோணிக்காரர் துடுப்பை நீரில் விட்டுக் காதைச் சாய்க்கிறார். அந்தக் கணத்தில் தவளை, காற்று, பாலத்து வாகனம் எல்லாவற்றையும் ஒலித்தடத்தில் ஒரேயடியாக நிறுத்துங்கள். இரண்டு விநாடி வெறுமை. பிறகு தந்தி மீட்டினது போல மெல்லிய, தாழ்ந்த அதிர்வு ஒன்று. துடுப்பை எடுத்ததும் அது அறுந்து பழைய ஓசைகள் திரும்புகின்றன. அதிர்வை வீணைத் தந்தியில் பதிந்து, உயர் அலைவரிசைகளை வெட்டிச் செய்துகொள்ளலாம். தயவுசெய்து அதற்குப் புல்லாங்குழல் வேண்டாம்.

அதே பாலம் பற்றி ஒரு எச்சரிக்கை, 1990களில் நடக்கும் கதை எழுதுபவர்களுக்கு. 1924இல் திறந்த பழைய பாலத்தின் அருகிலேயே 2013இல் திறந்த புதிய பாலம் நிற்கிறது. கமராவை எந்தப் பக்கம் திருப்பினால் புதியது சட்டத்துக்குள் வராது என்பதை நேரில் போய்ப் பார்த்து, அதற்கேற்பக் காட்சியை எழுதுங்கள். தொலைத்தொடர்புக் கோபுரங்களையும் எல்ஈடி தெருவிளக்குகளையும் மறக்க வேண்டாம்.

பாதி வசனம் காற்றிலும் வெளிச்சத்தத்திலும் போய்விட்டது. டப்பிங் செய்யலாமா?
– வாசகி, வாழைச்சேனை

செய்யலாம், ஆனால் பழக்கமில்லாத நடிகர்களுக்கு உதடு பொருந்தாது. பொருந்தினாலும் குரலில் உயிர் இருக்காது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு காட்சி முடிந்ததும் கமராவை நிறுத்திவிட்டு, அதே இடத்தில், அதே நடிகரை, மைக்கை வாய்க்குக் கிட்ட வைத்து வசனத்தை இரண்டு தரம் சொல்ல வையுங்கள். ஐந்து நிமிட வேலை, தொகுப்பில் தங்கம். கூடவே எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதியுங்கள். வெட்டுகளுக்கிடையில் விழும் ஓட்டையை அடைக்க அது வேண்டும்.

பதிவில் சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்கட்டும். அதற்கு மேல் ஏறினால் திடீரென்று கத்தும் இடத்தில் கிழியும். கிழிந்த ஒலியைத் திருத்த முடியாது. மைக்குக்கு ரோம உறை இல்லாமல் கடற்கரைக்குப் போகாதீர்கள். வீட்டுக்குள் மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜுக்குள் உங்கள் மோட்டார் சைக்கிள் திறப்பை வைத்தால், போகும்போது அதை மறுபடி போட மறக்க மாட்டீர்கள்.

இடம் பார்க்கப் போவதென்றால் படப்பிடிப்பு நேரத்திலேயே போங்கள். பாங்கு, கோயில் ஒலிபெருக்கி, பள்ளிக்கூட மணி எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. கேட்டறிந்து இடைவெளியில் எடுக்கலாம். பேத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோவுக்குத்தான் நேரம் சொல்ல முடியாது. அது தாண்டும் வரை பொறுத்திருங்கள். அல்லது, கதை இடம் கொடுத்தால், அதையே காட்சிக்குள் எழுதிவிடுங்கள்.

ஒலியைத் தனிக் கருவியில் பதிந்திருந்தால் இன்னொரு சங்கடம். போன்கள் பிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்திருப்பதில்லை. தொடக்கத்தில் பொருந்திய உதடு, மூன்று நான்கு நிமிடத்தில் விலகியிருக்கும். தொகுக்க முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எல்லாவற்றையும் மாறாத 25 பிரேமுக்கு மாற்றுங்கள்.

இரவு, கடும் மழை, நாயகன் தெருவில் ஓடுகிறான். இதை எடுக்க எங்களிடம் காசில்லை.
– வாசகர், அக்கரைப்பற்று

உண்மை மழையில் எடுத்தாலும் தெரியாது. மழைத்துளி கண்ணுக்குப் படுவது அதற்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால்தான். முன்னாலிருந்து விளக்கடித்தால் நனைந்த ஆள் மட்டும் தெரிவார். தண்ணீர்க் குழாயை மேல்நோக்கிப் பீய்ச்சி விழவைத்தாலும் ஒன்றிரண்டு ஆள் அகலத்துக்குத்தான் மழை. தெரு முழுக்க ஓட முடியாது.

எனவே ஓட்டத்தை விட்டுவிட்டு, வந்து சேர்வதை எடுங்கள். கதவு திறக்கிறது, தெப்பமாக நனைந்து நிற்கிறான், பின்னால் தகரக் கூரை விளிம்பிலிருந்து நீர் தாரையாக விழுகிறது. கூரையில் ஒரு குழாய், அந்தத் தாரைக்குப் பின்னால் ஒரு விளக்கு. போதும். மழையின் சத்தத்தைத் தனியே பதிந்து பிறகு சேருங்கள். தகரத்தில் மழை பெய்யும்போது வசனம் பதிய முடியாது. உடுப்பு ஒரே மாதிரி இரண்டு, மூன்று சோடி வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் டேக்குக்கு ஆள் காயும் வரை காத்திருக்க வேண்டிவரும். தண்ணீர் இருக்கும் இடத்தில் பற்றரி விளக்கை மட்டும் பாவியுங்கள். 230 வோல்ட் வயரை முற்றத்தில் இழுக்காதீர்கள்.

கோட்டையில் எடுக்கவும் ட்ரோன் பறக்கவிடவும் யாரைக் கேட்க வேண்டும்?
– வாசகர், மட்டக்களப்பு

கோட்டைக்குத் தொல்பொருள் திணைக்களம்; ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபை. விமான நிலையம் நகரத்துக்கு மிகக் கிட்ட இருப்பதால் ட்ரோன் அனுமதியை நம்பிக் காட்சி எழுத வேண்டாம். உயரக் காட்சி ஏன் தேவை என்றும் கேட்டுப் பாருங்கள். அநேகமாகத் தேவை இருக்காது.

தொகுப்பாளர் காட்சிகளின் வரிசையையே மாற்றிவிட்டார். எழுதியவனுக்கு இதில் பேச்சே இல்லையா?
– வாசகர், காரைதீவு

பேச்சு உண்டு. ஆனால் கேள்வி 'ஏன் மாற்றினாய்' என்பதல்ல. மாற்றிய பிறகு எது எதற்குக் காரணமாகத் தெரிகிறது என்று பாருங்கள். எழுத்தில் இரண்டாம் காட்சியில் தகப்பன் மோதிரத்தை அடகு வைக்கிறார், ஐந்தாம் காட்சியில் மகன் புதுப் போன் கேட்கிறான் என்று இருக்கட்டும். அந்த வரிசையில் தகப்பன் கஷ்டப்பட்டவர், மகன் அதை அறியாதவன். ஐந்தை முன்னால் போட்டால், மகன் கேட்டதற்காகவே மோதிரம் போகிறது. ஒரு ஷொட்டும் புதிதாக எடுக்காமல் வேறு கதை. உங்கள் கதை எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வரிசையை மாற்றும்போது சிறிய பொருட்கள் காலைவாரும். போன் கேட்கும் காட்சியை எடுத்தபோது மோதிரம் அடகில் இருப்பதாகக் கணக்கு; தகப்பனின் விரல் வெறுமை. அது முன்னால் வந்தால், அடுத்த காட்சியில் மோதிரம் எங்கிருந்து முளைத்தது? கை தெரியாத ஷொட்டைத் தேட வேண்டும். 4கே தெளிவில் எடுத்து 1080 தெளிவில் முடிப்பதானால் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கிக் கையைச் சட்டத்துக்கு வெளியே தள்ளலாம். தாடி, காயம், சட்டை, சுவரில் விழும் வெயில் ஆகியவற்றையும் இதேபோல் பாருங்கள்.

கணினியில் இழுத்துப் பார்க்க முன் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு அட்டை எழுதித் தரையில் பரப்புங்கள். அட்டையில் காட்சியின் சுருக்கம் வேண்டாம். அதன் முடிவில் பார்ப்பவருக்குப் புதிதாகத் தெரியவருவது என்ன என்று மட்டும் எழுதுங்கள். ஒன்றும் எழுத வரவில்லையென்றால், எவ்வளவு வடிவாக எடுத்திருந்தாலும் அந்தக் காட்சி போகலாம். எழுதியவருக்கு இது நோகும் இடம்தான்.

பிறகு திரைக்கதை வாசிக்காத மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லாருக்கு' என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'என்ன நடந்தது, சொல்லுங்க' என்று கேளுங்கள். மூன்று பேரும் ஒரே இடத்தில் தடுமாறினால் அங்கேதான் ஓட்டை. இசையை இதற்கெல்லாம் பிறகு சேருங்கள்; முதலிலேயே போட்டால் இழுவையான இடங்களை அது மூடிவிடும்.

பெயர் போடும் விஷயத்தில், 'கதை', 'திரைக்கதை', 'வசனம்' என்று பிரித்து யாருக்கு எது என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

துணைத்தலைப்பு எழுதும்போது கவனிக்க வேண்டியவை?
– வாசகி, காத்தான்குடி

திரைக்கதையைப் பார்த்து எழுதாதீர்கள், முடிந்த படத்தைப் பார்த்து எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல என்று இவ்வளவு நேரம் சொல்லியாகிவிட்டது. ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்துக்குள், குறைந்தது ஒரு விநாடி. உம்மா, மனே போன்ற விளிகளை எல்லா இடத்திலும் மொழிபெயர்க்கத் தேவையில்லை, குரலிலேயே விளங்கும். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி எஸ்ஆர்டி கோப்பு (படத்தோடு சேராத துணைத்தலைப்புக் கோப்பு) வைத்துக்கொள்ளுங்கள், படத்தில் நிரந்தரமாகப் பொறித்த பிரதி ஒன்றும் வேறாக இருக்கட்டும். கடற்கரை மணலில் வெள்ளை எழுத்து மறைந்துவிடும் என்பதால் கறுப்பு விளிம்பு கொடுங்கள்.